சாவி நம்மிடம் இல்லாத பெட்டி

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் பூர்விக வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. என் பெரியப்பா மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்த காலத்தில், தம் தாயாருக்கும் தங்கைக்கும் மாதம் தவறாமல் எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. மெல்லிய நீல நிற ஏர்மெயில் காகிதம்; மூன்றாக மடித்து, ஓரங்களிலும் இடம் விடாமல் குறுக்கே எழுதியது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, அங்கே அரிசி விற்கிற விலை, 1948-இல் பிறப்பித்த அவசர நிலையினால் போக்குவரவுக்கு உண்டான கஷ்டம், தோட்டத்து மாரியம்மனுக்கு இந்த வருஷம் தீமிதி நடக்குமோ நடக்காதோ என்ற சந்தேகம், நம் கொல்லைப் புளியமரம் பூத்ததா என்ற விசாரணை என்று ஒன்றன்பின் ஒன்றாக அவர் எழுதிக்கொண்டு போவது, ஒரு மூலையில் கரையான் அரித்த சில தாள்களைத் தவிர, எழுபது வருஷங்களுக்குப் பிறகும் எழுத்துச் சிதையாமல் படிக்கக் கிடைக்கிறது.

அந்தக் கடிதங்களைப் பெற்ற தங்கைதான் என் அத்தை. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 2020-இல் ஊரடங்கு காரணமாக உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த சமயத்தில், டொரொண்டோவில் இருக்கும் அவளுடைய பேரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்க்க வழியில்லை. தொட்டிலை ஆட்டக் கையில்லை. மகன் கைபேசியை அவள் முகத்தருகே பிடித்துக்கொள்ள, திண்ணையில் உட்கார்ந்தபடியே பதினொரு நிமிஷம் தாலாட்டுப் பாடினாள். மாமன்மார் கொண்டுவரும் சீர்வரிசையை அடுக்கிச் சொல்வது தாலாட்டின் மரபல்லவா? அத்தை அந்த வரிசையிலே, கப்பலேறிப் போய்ப் பினாங்குப் பட்டு கொண்டுவந்த தன் அண்ணனையும் வைத்தாள். விமானமேறிப் பனி பெய்கிற நாட்டுக்குப் போன பேரனையும் வைத்தாள். பனியை முன்பின் பார்த்திராதவள், அதை இலவம் பஞ்சு வெடித்துப் பறப்பதாகப் பாடினாள். ஒரு நூற்றாண்டுக் காலம் எங்கள் குடும்பம் கடல் கடந்து போய்வந்த சரித்திரம் முழுவதும் அந்தப் பதினொரு நிமிஷத்துக்குள் இருந்தது. குடும்பக் குழுவில் அதைப் போட்டதும் ஐந்து தேசங்களில் இருந்த முப்பத்துச் சொச்சம் பேர் கேட்டோம், பலர் அழுதோம்.

இரண்டு வருஷம் கழித்து அத்தை காலமானாள். பதினாறாம் நாள் காரியத்தன்று அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றிற்று. குழுவில் மேலே தள்ளித் தள்ளித் தேடியபோது, அது இருந்த இடமும் தேதியும் தெரிந்தன. தொட்டால் ஒலி எழவில்லை. அத்தையின் மகன் அதற்குள் கைபேசியை மாற்றிவிட்டார். டொரொண்டோப் பையனின் கைபேசி தண்ணீரில் விழுந்து போயிற்று. மற்றவர்களோ, இடம் போதவில்லை என்று இயந்திரம் எச்சரித்தபோதெல்லாம், தினந்தோறும் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களோடு சேர்த்து இதையும் அழித்துவிட்டிருந்தோம். எல்லோரும் கேட்ட பாட்டு ஆகையால், எல்லோரிடமும் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம், ஒருவரிடமும் இல்லை.

இந்த ஒரு குடும்பத்து நஷ்டத்தைப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம், இது ஒரு குடும்பத்தோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றாமையே. சமூக வலைத்தளங்களால் கலாசாரம் கெட்டது என்று ஒரு சாராரும், உலகம் ஒரே ஊராயிற்று என்று இன்னொரு சாராரும் பல வருஷங்களாக வாதித்து வருகிறார்கள். இந்த இரண்டு கட்சியாரும் கவனியாத கேள்வி ஒன்று உண்டு. நம் தலைமுறையின் பேச்சும் பாட்டும் துக்கமும் கொண்டாட்டமும் யாருடைய பெட்டியில் சேர்கின்றன, அந்தப் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

இந்தத் தொழில்நுட்பம் நமக்குச் செய்த உபகாரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் வயல் வரப்பில் விறகடுப்பு மூட்டி, பெரிய பெரிய அண்டாக்களில் சமைத்து, ஒரு பெரியவரும் அவருடைய பேரர்களும் வெளியிட்ட காட்சிகளை 2021-இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் பின்தொடர்ந்தார்கள் என்றால், அவர்களில் எத்தனையோ பேருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்றால், மிகமிகச் சிறிய ஊரின் மிகமிகச் சொந்தமான வாசனைதான் மிகத் தொலைவுக்குப் போகிறது என்பது ருசுவாகிறது. அதே வருஷத்தில் வெளிவந்த 'எஞ்ஜாயி எஞ்சாமி' என்ற பாட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய ஜனங்களின் கதையையும் ஒப்பாரியின் தொனியையும், அவற்றைக் கேட்டே இராத தேசங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உலகமயமாக்கல் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்று முப்பது வருஷங்களுக்கு முன் பலர் பயந்தார்கள். அந்தப் பயம் முழுவதும் பலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் செத்த வீடு ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மூத்த மகன் பாரீசில், நடு மகள் லண்டனில், கடைசிப் பையன் ஸ்கார்பரோவில். கிரியைகள் நடக்கும் முற்றத்தில் ஒரு முக்காலியின்மேல் கைபேசி நிற்கிறது. ஐயர் பொற்சுண்ணம் இடிக்கும்போது, அவரவர் ஊரில் எந்த நேரமானாலும் எழுந்து குளித்துவிட்டு வந்து, சிறிய திரைக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள் பிள்ளைகள். யுத்தம் பிரித்து எறிந்த குடும்பங்களுக்கு இந்தச் சிறிய திரை செய்திருக்கும் ஆறுதலை அளந்து சொல்ல என்னால் ஆகாது. ஆனால் 2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தபோது, வதந்தி பரவாமல் தடுக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசாங்கம் இந்தத் தளங்களை முடக்கிற்று. வெளிநாடுகளில் இருந்தவர்கள், தங்களவர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய வழக்கமாகத் தட்டுகிற கதவு, எல்லா நாளையும்விட அவசியமான அந்த நாளிலே சாத்திக் கிடந்தது. தடை நியாயமா அநியாயமா என்பதை வேறோர் இடத்தில் வாதிக்கலாம். சாத்துவதும் திறப்பதும் வீட்டாரின் வசத்தில் இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

நம் நாட்டில் அடுத்த வருஷமே இன்னும் பெரிய உதாரணம் கிடைத்தது. 2020 ஜூன் 29 இரவு, எல்லையில் நேர்ந்த மோதலை அடுத்து, டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. டிக்டாக்குக்கு மாத்திரம் இந்தியாவில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் இருந்ததாகச் சொன்னார்கள். அதில் ஆபாசமும் விபரீதமும் இருந்தன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதற்கு முந்தின வருஷம் அதன்மேல் இடைக்காலத் தடை விதித்துப் பிறகு நீக்கியது. ஆனால் அதில் வேறொன்றும் இருந்தது. வானொலி நிலையத்தின் வாசற்படியைக்கூட மிதித்திராத, எந்தச் சபாவும் அழைத்திராத ஜனங்கள், நாற்று முடியை இடது கையிலே வைத்துக்கொண்டு வலது கையால் நட்டபடியே பாடினார்கள். சந்தையில் கருவாடு விற்கிற பெண் தன் வாயாடித்தனத்தைத் தானே நடித்துக் காட்டினாள். கரகாட்டக்காரர்கள் திருவிழா இல்லாத மாதங்களிலும் தங்களுக்கு ஒரு மேடை இருப்பதைக் கண்டார்கள். எந்த நாட்டார் வழக்காற்று ஆராய்ச்சியாளரும் பத்து ஆயுள் அலைந்தாலும் சேகரிக்க முடியாத அந்தக் களஞ்சியம், மறுநாளே அவற்றைப் பாடியவர்களுக்கே எட்டாததாகப் போயிற்று. தேசத்தின் பாதுகாப்பைக் கருதிச் செய்த காரியத்தை நான் குற்றம் சொல்லவில்லை. அதில் நம் ஜனங்கள் வைத்திருப்பது என்ன, அதை எப்படி மீட்பது என்று கேட்க ஒரு பல்கலைக்கழகமோ ஒரு அகாதமியோ அன்று வாய் திறக்கவில்லையே என்பதுதான் என் தாபம்.

தடையினால் மட்டுமே இப்படி நேர்வதில்லை. ஒரு காலத்தில் இந்தியாவிலும் பிரேசிலிலும் வாலிபர்கள் எல்லாம் கூடிக் கிடந்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. இலாபம் இல்லாத கடையை அதன் முதலாளி மூடினார், அவ்வளவே. மைஸ்பேஸ் என்ற தளம் 2003 முதல் பன்னிரண்டு வருஷங்களில் உலகத்து இசைக்காரர்கள் ஒப்படைத்த ஏறத்தாழ 5 கோடிப் பாட்டுக்களை, சாமான்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், ட்விட்டரில் எழுதப்படும் ஒவ்வொரு வாசகத்தையும் சேமித்து வைப்பதென்று 2010-இல் மிகுந்த உற்சாகத்தோடு ஏற்றுக்கொண்டது. எட்டே வருஷத்தில், 2018 பிறந்தபோது, இனித் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டுமே சேர்ப்போம் என்று ஒதுங்கிக்கொண்டது. உலகத்திலேயே மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றுக்கே தாங்கவில்லை.

இந்த இடத்தில் உ.வே.சாமிநாதையரின் ஞாபகம் வராமல் இராது. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, அந்தக் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகளை, ஆகமத்தில் சொல்லியிருப்பதாக எண்ணி, நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் ஆகுதி செய்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு அவர் துடித்துப்போனதை எழுதியிருக்கிறார். ஆடிப் பதினெட்டில் பெருக்கெடுத்த ஆற்றிலே சுவடிக்கட்டுக்களை விட்டவர்களும் உண்டு. அப்படியெல்லாம் அழித்தும், சீவக சிந்தாமணி 1887-லும் சிலப்பதிகாரம் 1892-லும் மணிமேகலை 1898-லும் அச்சேறின என்றால், அதற்கு அவருடைய அசாத்தியமான பிரயாசை ஒரு காரணம். அந்தப் பிரயாசைக்குப் பலன் கிடைத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. ஏடுகள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. ஒரு கவிராயர் வீட்டில் தீப்பட்டால், நூறு மைலுக்கு அப்பால் ஒரு மடத்தில் இன்னொரு பிரதி இருந்தது. அதில் முதலும் முடிவும் போயிருந்தால், வேறோர் ஊர்ச் சமணச் செல்வர் வீட்டில் அவை கிடைத்தன. ஓலை இருநூறு முந்நூறு வருஷத்துக்குமேல் தாங்காது என்று தெரிந்த நம் முன்னோர், அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார்கள். அப்படி எழுதிய ஒவ்வொரு கையும் ஒரு தனிப் பெட்டி.

இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரு பாட்டு ஒரே நாளில் நூறு தேசத்துக்குப் போகிறது. நூறு தேசத்தாரும் பார்க்கிறார்கள். ஆகவே அது நூறு இடத்தில் இருப்பதாக நமக்கு ஒரு பிரமை உண்டாகிறது. உண்மையில் அவர்கள் எல்லோரும் தூரத்தில் ஒரு கம்பெனியின் கிடங்கில் இருக்கும் ஒரே பிரதியைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். கம்பெனிக்காரர் தம் பத்திரத்துக்கு இரண்டொரு நகல் வைத்திருக்கலாம். அவையும் அவருடைய பூட்டுக்குள்ளேதான். பார்ப்பவர் தொகை பெருகப் பெருகப் படி எடுப்பவர் தொகை குறைகிறது. ஓலைச்சுவடிக் காலத்தில் படிப்பவர் சிலர், வைத்திருப்பவர் பலர். இன்றைக்குப் பார்ப்பவர் கோடி, வைத்திருப்பவர் ஒருவர். சமூக வலைத்தளம் கலாசாரத்துக்குச் செய்திருக்கும் மாறுதல்களுள் இதைவிடப் பெரிது வேறில்லை என்பது என் துணிபு.

ரூபத்திலும் மாறுதல் உண்டு. இராப் பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுகிற தெருக்கூத்து, ஒரு நிமிஷத் துண்டுகளாகக் கைபேசிக்குள் வருகிறது. துண்டில் கிடைப்பது கிரீடமும் கிறுகிறுப்பும்தான், துரியோதனன் விழுகிற விடியற்காலத்துக் குளிர் கிடைப்பதில்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் கணக்கும் நம் ரசனைக்கு உட்பட்டதன்று. இதைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் நான் விரிக்கவில்லை.

எல்லாவற்றையும் சேமித்து வைக்க வேண்டுமா, குப்பையையும் கோபுரத்தையும் ஒன்றாகப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கீழடியில் மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த பானை ஓடுகளை அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் தமிழ்ப் பிராமியில் கீறியிருக்கும் அவை, உடைந்து போயின என்று யாரோ ஒரு வீட்டார் எறிந்தவை. எறிந்தவருக்குக் குப்பை, இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு வந்த நமக்கோ, சாதாரண ஜனங்களின் வீட்டுக்குள்ளும் எழுத்து புழங்கிற்று என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய வாலிபர்கள், விளக்குகள் அணைக்கப்பட்ட இரவில் கைபேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்துக் கடற்கரையை நிரப்பினார்கள். அந்த நாட்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதியதும் பாடியதும் பேசியதும் ஐம்பது வருஷம் கழித்துச் சரித்திரம் எழுத வருபவனுக்கு எங்கே கிடைக்கும்? சுதந்திரப் போராட்ட காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், போலீஸார் பறிமுதல் செய்து அடுக்கி வைத்த காரணத்தினால், ஆவணக் காப்பகங்களில் இன்றும் கிடைக்கின்றன.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. ஒரு பெண் உற்சாகத்தில் ஆடிய ஆட்டத்தை அவள் மறக்க விரும்பலாம். மறக்க அவளுக்குப் பூரண உரிமை உண்டு. ஆகையால் சேமிப்பு என்பது சம்மதத்தோடு நடக்க வேண்டிய காரியம். ஒருவர் தம்முடையதை நீக்கச் சொன்னால், மறுபேச்சின்றி நீக்க வேண்டும். நான் கேட்பது பாடியவர் ஒப்புக்கொடுப்பதைக் காப்பாற்றுகிற ஒரு பத்தாயத்தைத்தானே ஒழிய, பிறர் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணை அன்று.

அப்படிப்பட்ட பத்தாயம் நமக்குப் புதிதும் அன்று. 1954-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இந்த நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு வந்துசேர வேண்டும். நூறு பிரதி விற்காத ஒரு சிறு நூலுக்கு இந்தப் பாக்கியம் உண்டு. ஒரு கோடிப் பேர் கேட்ட நாட்டுப் பாட்டுக்கு இல்லை. பிரான்ஸ் 2006-லும் பிரிட்டன் 2013-லும் தங்கள் தேசத்து இணையப் பக்கங்களை நூலகங்கள் சேகரிக்கச் சட்டத்தில் இடம் செய்துவிட்டன. நம்மவர்களும் சட்டத்துக்காகக் காத்திராமல் சில காரியங்களைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் போன்றவர்கள் முன்னிற்க, பல நாட்டுத் தமிழர் ஆளுக்கொரு நூலாகத் தட்டச்சுச் செய்து இலவசமாகத் தந்தார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்துபோன துக்கத்தை மறவாத ஈழத்து இளைஞர்கள், 2005-இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம நூலகத்தை ஆரம்பித்து, புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சிறு பிரசுரங்களையும் படி எடுத்து வருகிறார்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே இரவில் போய்விடும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? இந்த முயற்சிகளும் இணையத்தினால்தான் சாத்தியமாயின என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி ஒன்றே, சாவி யாரிடம் என்பதில்தான் பேதம்.

தமிழ்நாட்டு அரசு தன்னுடைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகவோ, கன்னிமாராவின் வழியாகவோ, நாட்டார் கலைஞர்களும் சாதாரண ஜனங்களும் தங்கள் பதிவுகளை ஒப்படைக்கிற ஒரு பொதுச் சேமிப்பை ஏற்படுத்த வேண்டும். அதன் பிரதிகள் மதுரையிலும் கோவையிலும் தஞ்சையிலும் தனித்தனியே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் உள்ள நூலகங்கள் சம்மதித்தால் அங்கேயும் இருக்கலாம். இதற்கு ஆகும் செலவு, ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவுக்கு அருகிலும் வராது.

வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைவிடச் சிறிய காரியம். உங்கள் கைபேசியில் உங்கள் தாயாரின் குரல் இருக்கிறதா, பாட்டனார் கதை சொல்லும் பதிவு இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை தேடிப் பாருங்கள். அதை அந்தக் குழுவிலேயே விட்டுவைக்காமல், தனியே ஒரு வட்டிலோ பென்டிரைவிலோ படி எடுத்து, வேறோர் ஊரில் இருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ இன்னொரு படியைக் கொடுத்து வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், வருஷம், என்ன சந்தர்ப்பத்தில் பாடியது என்ற நாலு வரியை ஒரு காகிதத்தில் எழுதி அதோடு சேருங்கள். பாடியவர் உயிரோடு இருந்தால், தாமதியாமல் இன்னும் ஒரு முறை பாடச் சொல்லுங்கள்.